பேசிப் பேசியே குணமானாரா ‘அன்னா ஓ’? தெரபியின் முதல் பேஷன்ட் கதை!

கவுன்சலிங் போகப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். சும்மா உட்கார்ந்து பேசினா எல்லாம் சரியாகிடுமா என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலாக உளவியல் புத்தகங்கள் முதலில் கூட்டிவரும் சாட்சி, அன்னா ஓ என்கிற பெண். பேசியே குணமானவர் என்று அவரைச் சொல்வார்கள். சைக்காலஜி படிக்கிற ஃப்ரெண்ட் இருந்தால் கேட்டுப்பாருங்கள், இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

ஆனால் அது டாக்டர் வைத்த புனைபெயர். அவரின் நிஜப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். அவர் வாழ்க்கையை முழுசாகப் படித்தால், விஷயம் அவ்வளவு சிம்பிளாக இல்லை.

1859 பிப்ரவரி 27 அன்று வியன்னாவில், வசதியான, ஆசாரமான யூதக் குடும்பத்தில் பிறந்தவர் பெர்த்தா. ஒரு அக்கா இவர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். இன்னொரு அக்கா ஹென்ரியட், காசநோயில் இறந்தபோது பெர்த்தாவுக்கு எட்டு வயது. பெர்த்தாவுக்கு மொழிகள் தண்ணீர் பட்ட பாடு. ஜெர்மனோடு ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி எல்லாம் பேசுவார். இருந்தும் 16 வயதோடு படிப்பு நின்றது. ஒன்றரை வயது சின்னவனான தம்பி வில்ஹெல்ம் மேலே படிக்கப் போனான். அக்கா எம்ப்ராய்டரி போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சலிப்பில் தலைக்குள்ளேயே ஒரு தியேட்டர் நடத்தினார் பெர்த்தா. எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே வேறொரு கதை ஓடும். வெளியே யாருக்கும் தெரியாது.

1880 கோடையில் அப்பாவுக்கு நுரையீரலை ஒட்டிய நோய். பகலில் அம்மாவும் இரவில் 21 வயது பெர்த்தாவும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் இரவு, நாற்காலியின் முதுகில் வலது கையைப் போட்டபடி கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். சுவரிலிருந்து ஒரு கறுப்புப் பாம்பு அப்பாவை நோக்கி வருவதுபோலத் தெரிந்தது. விரட்டலாம் என்றால் கை மரத்துக் கிடக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. விடாத இருமல், அசைக்க முடியாத வலது கை, மங்கும் பார்வை. தாய்மொழியான ஜெர்மன் வாயில் வராமல், ஆங்கிலம் மட்டுமே பேச முடிந்த மாதங்களும் உண்டு.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர் ஹிஸ்டீரியா. உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்கள், குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவார்கள், நடிக்கிறாள் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். பெர்த்தாவுக்குக் கிடைத்த டாக்டர் ஜோசப் ப்ராயர் அப்படி இல்லை. வியன்னாவின் பெரிய வீடுகளுக்கெல்லாம் போகும் பிஸியான டாக்டர், இந்தப் பெண்ணிடம் கிட்டத்தட்ட தினமும் வந்து உட்கார்ந்து கேட்டார். மாலையானால் பெர்த்தா ஒருவித மயக்க நிலைக்குப் போவார். அன்று மனசில் ஓடிய கதைகளைச் சொல்வார். சொல்லி முடித்ததும் அமைதியாகிவிடுவார். டாக்டர் வரமுடியாத நாளுக்கு அடுத்த நாள் நிலைமை மோசம். 1881 ஏப்ரல் 5 அன்று அப்பா இறந்துபோனார். அப்போது எல்லாமே தலைகீழானது. சாப்பிட மறுத்தார். மனிதர்களை அடையாளம் தெரியவில்லை.

தண்ணீர் சம்பவம்தான் இந்தக் கேஸில் ரொம்ப பிரபலம். கொளுத்தும் வெயிலில் திடீரென்று அவரால் தண்ணீர் குடிக்க முடியாமல்போனது. தாகத்தில் டம்ளரை எடுப்பார், உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவார். வாரக்கணக்கில் பழங்களைச் சாப்பிட்டே சமாளித்தார். ஒருநாள் ஹிப்னாடிச நிலையில், வீட்டிலிருந்த ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றி எரிச்சலோடு பேசத் தொடங்கினார். அந்தம்மாவின் நாய் ஒரு டம்ளரில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்திருக்கிறார். அருவருப்பு தாங்கவில்லை. ஆனால் மரியாதைக்காக எதுவும் சொல்லவில்லை. அடக்கிவைத்த கோபத்தை மொத்தமாகக் கொட்டியதும் தண்ணீர் கேட்டார், தாராளமாகக் குடித்தார். அதன் பிறகு, ஒவ்வொரு அறிகுறியும் முதன்முதலில் எப்போது வந்தது என்று பின்னோக்கிப் போவதையே ப்ராயர் சிகிச்சையாக்கினார்.

இதற்குப் பெயர் வைத்தவரும் பெர்த்தாதான். பேச்சு வைத்தியம் என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் சொன்னார். விளையாட்டாக, புகைபோக்கியில் படிந்த கரியைச் சுத்தம் செய்வது என்றும் சொல்வார். என்னைக் கேட்டால், இந்த முறையைக் கண்டுபிடித்ததில் டாக்டருக்குப் பாதி பங்குதான். மீதி பேஷன்ட்டுக்குச் சேரவேண்டியது.

1882 ஜூனில் சிகிச்சை முடிந்தது. 13 வருடங்கள் கழித்து, 1895-ல், ப்ராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் சேர்ந்து ஹிஸ்டீரியா பற்றி வெளியிட்ட புத்தகத்தில் இது முதல் கேஸாக வந்தது. பெர்த்தாவின் பெயரின் முதல் எழுத்துகளை ஆங்கில வரிசையில் ஒவ்வொரு எழுத்து முன்னால் நகர்த்தினால் அன்னா ஓ வரும். கொஞ்ச காலம் எடுத்தாலும் பூரணமாகக் குணமாகிவிட்டார் என்கிற மாதிரி முடிகிறது அந்தக் கேஸ். ஃப்ராய்டு அவருக்கு ஒருநாள்கூட சிகிச்சை தந்ததில்லை. ஆனாலும் உளப்பகுப்பாய்வின் தொடக்கம் இங்கேதான் என்று ஆகிவிட்டது.

புத்தகத்தில் இல்லாத பாகம் வெளியே வந்தது 1970-களில். ஹென்றி எல்லென்பெர்கர் என்ற ஆய்வாளரிடம் குதிரை சவாரி உடையில் பெர்த்தா நிற்கும் 1882-ம் வருடத்து போட்டோ கிடைத்தது. நோயாளியாக இருக்கவேண்டிய வருடத்தில் இவ்வளவு தெம்பாக எங்கே நிற்கிறார்? போட்டோவில் இருந்த ஸ்டூடியோ முத்திரையைத் துருவினால், ஊர் கான்ஸ்டன்ஸ். வியன்னாவிலிருந்து ரொம்ப தூரம். ஆனால் பக்கத்திலேயே, சுவிட்சர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கனில், பெல்வியூ என்ற மனநல மருத்துவமனை இருந்தது. அங்கே தேடியபோது ப்ராயர் எழுதிய ரிப்போர்ட்டே கிடைத்தது.

பேச்சு வைத்தியம் முடிந்த அடுத்த மாதமே, ஜூலை 12-ல், பெர்த்தா அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார். முகத்தில் தாங்கமுடியாத நரம்பு வலி. அதற்குக் கொடுத்த மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்தார். மூன்றரை மாதம் கழித்து வெளியே வந்த பிறகும், 1887 வரை வியன்னா பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டியிருந்தது.

அப்போ எல்லாம் பொய்யா? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. அது ஹிஸ்டீரியாவே இல்லை, மூளையில் ஏதோ நோய் என்று வாதிடும் டாக்டர்களும் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. பேசிய இரவுகளில் அவர் நிம்மதியாக இருந்தது நிஜம். பேசியதும் கதை முடிந்தது என்று எழுதியதுதான் பொய். (கர்ப்பம் என்று அவர் கற்பனை செய்துகொண்டதாகவும், பயந்த ப்ராயர் மனைவியோடு வெனிஸுக்கு ஓடியபோது உருவான குழந்தைதான் மகள் டோரா என்றும் ஒரு கிசுகிசு இன்றும் சுற்றுகிறது. டோரா பிறந்தது 1882 மார்ச்சில், சிகிச்சை முடிவதற்கு முன்பே!)

1888-ல் அம்மாவோடு ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார் பெர்த்தா. குழந்தைகளுக்குக் கதை எழுதினார். பெண் உரிமை பற்றி மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1895-ல், அன்னா ஓ புத்தகத்தில் வந்த அதே வருடம், பெர்த்தா யூதப் பெண் குழந்தைகள் விடுதி ஒன்றின் பொறுப்பாளர். 1904-ல் யூதப் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கி 20 வருடம் தலைமை தாங்கினார். கிழக்கு ஐரோப்பாவின் ஏழைப் பெண்களைக் கல்யாண ஆசை காட்டிக் கடத்தி, வெளிநாட்டு விபசார விடுதிகளில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கடத்தியவர்களிலும் யூதர்கள் இருந்தார்கள். சமூகத்தின் பெரியவர்கள் அதைப் பேச விரும்பவில்லை. இவர் பேசினார். கலீசியா, பால்கன், துருக்கி என்று தேடிப்போய் நிலைமையை எழுதினார். 1907-ல் நொய்-ஈசன்பர்க் ஊரில், திருமணமாகாத தாய்மார்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் ஒரு இல்லம் திறந்தார். சாகும்வரை 29 வருடம் அதை நடத்தினார். ரொம்பக் கறாரான நிர்வாகி, கூட வேலை பார்ப்பது லேசில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த நோய்க் காலத்தைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. தன் இல்லத்துப் பெண்களுக்கு உளப்பகுப்பாய்வு செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால், ஒரே வார்த்தையில் மறுத்துவிடுவார். சிகிச்சையால் பட்ட காயமா, இல்லை அவ்வளவு அந்தரங்கத்தை ஒருவரிடம் ஒப்படைத்ததில் வந்த வெட்கமா? நாமாக ஊகித்தால் அதுவும் இன்னொரு கிசுகிசுதான்.

1936-ல் புற்றுநோய் முற்றியிருந்த நிலையில், இல்லத்துப் பெண் ஒருத்தி ஹிட்லரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாள் என்று கெஸ்டபோ விசாரணைக்கு அழைத்தது. உடம்பு முடியாமலேயே போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார். மே 28 அன்று இறந்தார். இரண்டு வருடம் கழித்து நாஜிக் கும்பல் இல்லத்துக்குத் தீ வைத்தது. 1942-ல் மிச்சமிருந்தவர்களையும் முகாமுக்கு அனுப்பி அதை மூடினார்கள்.

அவர் காத்த ரகசியத்தை 1953-ல் உடைத்தவர் எர்னஸ்ட் ஜோன்ஸ். ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். தானும் உளப்பகுப்பாய்வாளர். அன்னா ஓ யார் என்று பெயரைப் போட்டே எழுதிவிட்டார். இன்றைக்கு ஒரு கவுன்சலர் இப்படிச் செய்தால் தொழிலில் நீடிப்பது கஷ்டம். அடுத்த வருடம் மேற்கு ஜெர்மனி, மனிதகுலத்துக்கு உதவியவர்கள் வரிசையில் பெர்த்தா முகத்தைப் போட்டு ஸ்டாம்ப் வெளியிட்டது. அது சமூக சேவைக்காகக் கொடுத்த மரியாதை. ஸ்டாம்பில் இருக்கும் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம்.