அடையாறில் அந்த அம்மா கட்டிய ஆஸ்பத்திரி



சிதம்பரம் பக்கத்துக் குழு ஒன்றின் ஊக்குநர் நான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கேன். அந்த அம்மா யாருன்னு ஒருநாளும் கேட்டதில்லை. எங்க குழு அக்கா ஒருத்தருக்கு மார்பில் கட்டி வந்து, துணைக்கு அடையாறு போனப்போதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவர் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் கல்லூரிக்குப் போகாத காலத்தில் மன்னர் கல்லூரியில் ஆண்களோடு படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டரானார். சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1930-ல் ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் தொடங்கினார்.

1923-ல் அவர் தங்கை புற்றுநோயில் இறந்தார். டாக்டராக இருந்தும் கூடப்பிறந்தவளைக் காப்பாற்ற முடியலை. புற்றுநோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அன்று நினைத்தது, கைகூட முப்பது வருஷமாயிற்று. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. பெண்கள் சேர்ந்து திரட்டிய பணம்தான் அதற்கு அஸ்திவாரம். நம்ம சேமிப்பு மாதிரியே.

கதிர் வைத்தியம் என்றதும் எங்க அக்கா பயந்தாங்க. அதற்கு வழி காட்டியவரும் ஒரு பெண்தான். மேரி கியூரி, தன் கணவரோடு சேர்ந்து 1898-ல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார். ரேடியம் விடும் ஆல்பா கதிரை ஒரு தாள்கூடத் தடுத்துவிடும். உடம்புக்குள்ளேயும் சில செல்கள் தூரம்தான் போகும். ஆனால் போகும் இடத்தில் பலமாக அடிக்கும். அதனால் எலும்புக்குப் பரவிய ஒருவகைப் புற்றுநோய்க்கு, ரேடியத்தில் ஒரு வகையை இன்று ஊசியாகப் போடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்து மாதிரி அது எலும்பைத் தேடிப் போகும். வயல் முழுக்க மருந்து அடிக்காமல் களையை மட்டும் பிடுங்குவது போல. எல்லாருக்கும் இந்த ஊசி கிடையாது. எங்க அக்காவுக்கு வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்தான்.

முத்துலட்சுமி அம்மா 1968-ல் மறைந்தார். அவர் ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது.

எங்க அக்கா பிழைச்சு வந்துட்டாங்க. ஆனா வெட்கத்துல எட்டு மாசம் கட்டியை மறைச்சாங்க. அந்த எட்டு மாசமும் கூட்டத்துல சேமிப்புப் பணத்தை எண்ணினேனே தவிர, உடம்பு எப்படியிருக்குன்னு நான் கேட்கலை. இப்போ எங்க குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோம். வலிக்காத கட்டியானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. தனியாப் போகக் கூச்சமா இருந்தா, துணைக்கு நாங்க வர்றோம்.