பிளேக் காலத்தில் சாவித்திரிபாய்

ஜனவரி 3 வந்தால் சாவித்திரிபாய் பூலேயின் படத்துக்கு மாலை போடுகிறோம். இந்தியப் பெண்களுக்குப் பள்ளி திறந்த முதல் ஆசிரியை என்று மேடையில் பேசுகிறோம். பள்ளிக்குப் போகும் வழியில் அவர் மீது சாணியும் சேறும் வீசினார்கள், அதனால் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார் என்ற செய்தி நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் மார்ச் 10, அவருடைய நினைவு நாள், நம் ஊர்களில் சத்தமில்லாமல் போய்விடுகிறது. அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். 1897-ஆம் ஆண்டு புனேயைப் பிளேக் நோய் தாக்கியபோது, நோயில் விழுந்த ஒரு தலித் சிறுவனைச் சுமந்து சென்றார் அவர். அதே நோய் தொற்றி இறந்தார். நாம் இன்று பேச வேண்டியது அந்த மரணத்தைப் பற்றித்தான்.

சாவித்திரிபாய் 1831-இல் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்து நைகாவ் கிராமத்தில், மாலி சாதிக் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் பூலேயுடன் திருமணம். திருமணத்துக்குப் பிறகே எழுத்து கற்றார். ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1848-இல் புனேயில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியது. மகர், மாங் சாதிப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் அடுத்து வந்தன. அங்கே படித்த முக்தா என்ற மாங் சிறுமி, தன் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் அச்சில் வந்தது. இந்த நாட்டில் ஒரு தலித் பெண் எழுதிய தொடக்ககால எழுத்துகளில் அது முக்கியமானது.

கல்விப் பணியோடு நாம் அவர் கதையை முடித்துவிடுகிறோம். உடல்நலத்தையும் உயிரையும் பற்றிய பணி அதற்கு இணையாகவே நடந்தது. 1863-இல் பூலே தம்பதி தங்கள் வீட்டிலேயே ஒரு காப்பகம் தொடங்கினார்கள். கருவுற்ற விதவைகள் ஊருக்குப் பயந்து குழந்தையைக் கொல்வதோ, தாமே சாவதோ அன்று சாதாரணம். அவர்கள் அங்கே வந்து பாதுகாப்பாகப் பிள்ளை பெறலாம். வந்தவர்களில் பலர் பிராமண விதவைகள். அவர்களைப் பார்த்துக்கொண்டவர் சாவித்திரிபாய். அப்படி வந்த காசிபாய் என்ற விதவையின் மகனைத்தான் தம்பதி 1874-இல் தத்தெடுத்தார்கள். அந்தப் பிள்ளை யஷ்வந்த் பின்னாளில் மருத்துவரானார்.

1868-இல் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இதைச் சமத்துவச் செயலாக மட்டும் பார்க்கிறோம். காலரா ஆண்டுதோறும் ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. பொதுக் கிணற்றில் வாளியை இறக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் குட்டையையும் ஓடையையும் நம்பியிருந்தார்கள். நோய் முதலில் யார் வீட்டுக்குப் போகும் என்பதைக் கிருமிக்கு முன்பே சாதி முடிவு செய்து வைத்திருந்தது. நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டது மருத்துவமும்தான்.

1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சத்யசோதக் சமாஜத் தோழர்கள் கஞ்சி ஊற்றினார்கள். சாவித்திரிபாய் ஊர் ஊராகப் போய் நிவாரண வேலையைக் கவனித்தார். தோழர்கள் கைதானபோது நேரில் கலெக்டரைப் பார்த்து விடுதலை வாங்கி வந்தார். 1890-இல் ஜோதிராவ் இறந்தார். கணவரின் சிதைக்குத் தாமே தீ மூட்டினார். பிறகு சமாஜத்தின் பொறுப்பையும் ஏற்றார்.

சட்டமும் சிப்பாயும்

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. விரைவில் புனேக்கும் வந்தது. அன்றைய அறிவியல் பாதி வழியில் நின்றது. பிளேக் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் கண்டுபிடித்திருந்தார்கள். பம்பாயில் தடுப்பூசி தயாரித்த ஹாஃப்கின் 1897 ஜனவரியில் அதைத் தன் உடம்பிலேயே போட்டுச் சோதித்தார். ஆனால் நோய் எப்படிப் பரவுகிறது என்பது தெளிவாகவில்லை. நோயைத் தீர்க்கும் நம்பகமான மருந்தும் இல்லை.

தெரியாத இடத்தை அரசு அதிகாரத்தால் நிரப்பியது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்கள் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதிக்கலாம், சந்தேகப்பட்டவரைப் பிடித்து முகாமில் அடைக்கலாம், பொருள்களை எரிக்கலாம். புனேயில் ராண்ட் என்ற அதிகாரியின் பொறுப்பில் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். ஜூன் மாதம் ராண்ட் சுடப்பட்டார். சுட்ட சாப்பேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பாடப்புத்தகத்தில் புனே பிளேக் என்றால் இந்தக் கதைதான்.

சிப்பாய்களின் அத்துமீறல் உண்மை. அதை எதிர்த்த கோபமும் நியாயம். ஆனால் அன்று எழுந்த புகார்களில் இன்னொன்றும் கலந்திருந்தது. மருத்துவமனையில் எல்லாச் சாதியாரும் ஒரே கூரையின் கீழ் கிடக்க வேண்டுமா, யார் தொட்ட தண்ணீரைக் குடிப்பது என்ற புகார். பம்பாயில் சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனிப் பிளேக் மருத்துவமனைகள் எழுந்தன. பத்திரிகை வைத்திருந்தவர்களின் குறை லண்டன் வரை கேட்டது. சேரியில் குடிசையோடு சட்டி பானையும் எரிந்தவர்களின் குறையை எழுத ஆளில்லை.

முதுகில் ஒரு சிறுவன்

அதே பிளேக், அதே புனே. அறுபத்தாறு வயது சாவித்திரிபாய் மருத்துவரான மகனை அழைத்து, ஹடப்சர் பக்கம் ஊருக்கு வெளியே திறந்த வெளியில் ஒரு சிகிச்சையிடம் தொடங்கச் செய்தார். சாதி கேட்காமல் நோயாளிகளைச் சேர்த்தார்கள். வர முடியாதவர்களைத் தேடிச் சாவித்திரிபாய் தாமே போனார். முண்ட்வா ஊருக்கு வெளியே மகர் குடியிருப்பில் பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்ற சிறுவன் நோயில் கிடப்பதாகத் தெரிந்தது. அங்கே போய் அவனை முதுகில் சுமந்து சிகிச்சையிடத்துக்குக் கொண்டுவந்தார். நோய் அவரையும் பிடித்தது. 1897 மார்ச் 10 இரவு இறந்தார்.

அவரிடம் அரசிடம் இல்லாத மருந்து எதுவும் இல்லை. நோயாளியைத் தனியே வைப்பதைத்தான் அவரும் செய்தார், அரசும் செய்தது. அரசு ஆளை இழுத்துக்கொண்டு போனது. அவர் தூக்கிக்கொண்டு போனார். மகர் குடியிருப்புக்குள் அவர் கால் வைத்தது பிளேக் வந்த பிறகல்ல. பள்ளி நடத்திய நாளிலிருந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுப் பழக்கம் அது. பொதுச் சுகாதாரத்துக்கு அடிப்படையான நம்பிக்கை அப்படித்தான் வரும். அவசரச் சட்டத்தால் ஒரே வாரத்தில் அதை உண்டாக்க முடியாது.

அவர் இறந்த மறு ஆண்டு, 1898-இல், கராச்சியில் ஆய்வு செய்த பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிலிருந்து மனிதருக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். அறிவுலகம் அதை ஏற்கச் சில ஆண்டுகள் ஆனது. தொட்டால் தீட்டு என்று காலங்காலமாகச் சொன்னவர்கள், நோய்க்கும் சேரியையே கைகாட்டினார்கள். அறிவியலோ எலியையும், அது குடியேறும் நெரிசலான வீட்டையும், காற்று நுழையாத தெருவையும் காட்டியது. அந்த வீட்டிலும் தெருவிலும் வாழும்படி யாரை வைத்தார்கள் என்பதை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1897-இன் அதே சட்டம் 2020-இல் கொரோனாவுக்கும் வந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குத் தண்டனை என்ற திருத்தம் அந்த ஆண்டு சேர்ந்தது. தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டோம், கை தட்டினோம். அவர்களில் பலர் அன்றும் ஒப்பந்தக் கூலிகள், இன்றும் ஒப்பந்தக் கூலிகள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது, பிள்ளைகள் நோயுற்று மருத்துவமனைக்குப் போன பிறகே வெளியே தெரிந்தது. சாவித்திரிபாய் தொட்டியைத் திறந்துவிட்டு அப்போது 154 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த மார்ச் 10 அன்று படத்துக்கு மாலை போடுவோம். அதோடு நிற்க வேண்டாம். 12 நாள் கழித்து, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று, நம் ஊராட்சிகளில் கிராமசபை கூடும். நம் தெருத் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது? காய்ச்சல் முகாம் ஊர்ப் பள்ளியோடு நிற்கிறதா, காலனிக்குள்ளும் வருகிறதா? சாக்கடை அள்ளுபவருக்குக் கையுறை உண்டா? இவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, பதிவேட்டில் ஏறியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்தை நமக்குக் கற்றுத்தரத்தான் அவர் சாணியடியும் பட்டார்.