தோட்டத்து டாக்டர் குப்புசாமி சுவாமி சிவானந்தரான கதை

ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தரை யோக ஆசானாக உலகம் அறியும். துறவியாகும் முன் 10 ஆண்டுகள் அவர் மலாயாவில் டாக்டராக இருந்தவர், நம் தோட்டப் பாட்டாளிகளுக்கு மருந்து கொடுத்தவர் என்பது கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் இளையோரில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

திருநெல்வேலிச் சீமையில் பாய்க்குப் பெயர்போன பத்தமடையில், 1887 செப்டம்பர் 8ஆம் நாள், வெங்கு ஐயர் - பார்வதி அம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தவர் குப்புசாமி. இளமையில் அவர் ஆதிதிராவிடர் ஒருவரிடம் வாள் வீச்சுப் பயின்றார். பிராமணப் பிள்ளை இப்படிச் செய்யலாமா என்று ஊரார் முகம் சுளித்தனர். குப்புசாமியோ பூவும் இனிப்பும் துணியும் எடுத்துக்கொண்டு அந்த ஆசான் வீட்டுக்கே போய், மாலை அணிவித்து, காலில் விழுந்து வணங்கினார். கற்றுக் கொடுப்பவர் எவரும் குருவே என்ற எண்ணம் அன்றே அவரிடம் வேரூன்றிவிட்டது.

தஞ்சாவூரில் மருத்துவம் படித்த அவர், 1909இல் ‘அம்ப்ரோசியா’ என்ற மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். 1913இல் கப்பலேறி மலாயா வந்து, சிரம்பான் வட்டாரத்தில் ரப்பர் தோட்ட மருத்துவமனை ஒன்றில் பணியில் சேர்ந்தார். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் லயங்களில் உயிர்களைக் காவு கொண்ட காலம் அது. ஏழை நோயாளிகளிடம் அவர் காசு வாங்குவதில்லை. பல நேரங்களில் தம் கைப்பணத்தையும் கொடுத்து அனுப்புவார். பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார்.

மருந்தால் உடல் நோய் தீரும். மனத்தின் துயரத்துக்கு என்ன வழி என்ற கேள்வி அவரை வாட்டியது. 1923இல் நல்ல சம்பளத்தை உதறிவிட்டு இந்தியா திரும்பினார். 1924 ஜூன் 1ஆம் நாள் ரிஷிகேசத்தில் சுவாமி விஸ்வானந்த சரஸ்வதியிடம் துறவறம் பெற்றார். காவி கட்டிய பிறகும் டாக்டர் தொழிலை அவர் விடவில்லை. லட்சுமண் ஜூலா அருகே இலவச மருந்தகம் நடத்தி, சாதுக்களையும் யாத்திரிகர்களையும் கவனித்தார்.

1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 200க்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். தியானத்துக்கு முன்பு சேவையை வைத்ததே அவர் போதனையின் தனிச்சிறப்பு. பசித்தவனையும் நோயாளியையும் கடந்து போய்க் கடவுளைத் தேட முடியாது என்பது அதன் சாரம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கழிந்த ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு அந்த வரிசை வியப்பளிக்காது.

1963 ஜூலை 14ஆம் நாள் சுவாமிகள் மகாசமாதி அடைந்தார். சீடர்களில் சுவாமி சிதானந்தர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1957இல் புறப்பட்ட சுவாமி விஷ்ணுதேவானந்தர் மேலை நாடுகளுக்கு யோகத்தைக் கொண்டு சென்றார். நம் நாட்டில் பத்துமலை சிவானந்த ஆசிரமம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியபோது அவர் கங்கைக் கரையில் இருந்தார். இந்த மலைக்கு அவர் மருத்துவராக வந்ததில்லை. ஆனால், இங்கே கொழுந்து பறித்தவர்களும் சிரம்பானில் அவரிடம் மருந்து வாங்கியவர்களும் ஒரே பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்த மக்கள்தாம். உலகம் போற்றும் ஓர் ஆசானுக்கு முதல் பாடசாலையாக இருந்தது நம் முன்னோரின் வாழ்க்கை. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை.