இலக்கணத்தைத் தாண்டிக் கிரேக்கம் கற்றவர்

பழங்கிரேக்கம் படிக்க உட்காருபவர்களை முதலில் மிரட்டுவது அதன் வினைச்சொல்தான். ஒருமை, பன்மை போதாதென்று நடுவில் இருமை என்று வேறு ஒன்று! பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியப் பள்ளிகளில் மாணவர்கள் இந்த விதிகளை ஆண்டுக்கணக்கில் உருப்போட்டார்கள். நாம் நன்னூல் சூத்திரம் ஒப்பித்த மாதிரி. அந்த வழிக்கே போகாதவர் ஹைன்ரிஷ் ஷ்லீமான்.

1822-ல் வட ஜெர்மனியின் நொய்புக்கோவில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். வறுமையால் பதினான்கு வயதில் படிப்பு நின்று மளிகைக்கடை வேலைக்குப் போனார். ஒரு நாள் குடிபோதையில் கடைக்கு வந்த மாவு ஆலைத் தொழிலாளி ஒருவர் ஹோமரின் வரிகளைக் கிரேக்கத்தில் கணீரென்று சொன்னாராம். ஒரு சொல்கூடப் புரியாத சிறுவன், கையிலிருந்த காசுக்கு அவருக்கு மது வாங்கிக் கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டான். இது ஷ்லீமானே எழுதியது. தம் கதைக்குக் கொஞ்சம் மசாலா சேர்ப்பவர் அவர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருந்தாலும் எனக்குப் பிடித்த கதை இது.

பின்பு ஆம்ஸ்டர்டாமில் அலுவலக வேலை பார்த்தபடியே ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்ய மொழிகளைக் கற்றார். உரக்க வாசிப்பது, தினமும் எழுதித் திருத்திக்கொள்வது, அதை மனப்பாடம் செய்வது, இதுதான் அவர் முறை. ரஷ்யாவில் வணிகராகிப் பெரும் பணம் சேர்த்தபின், 1856-ல் கிரேக்கத்துக்கு வந்தார். முதலில் இன்றைய கிரேக்கம், அப்புறம் ஹோமர். பெயர்ச்சொல் வேற்றுமைகளும் வினைத் திரிபுகளும் மட்டும் படித்தார். மற்ற விதிகளில் நேரத்தை வீணாக்கவில்லை என்று பெருமையாகவே எழுதியிருக்கிறார்.

விதி தெரியாமல் மொழி வருமா? வரும், நம் வீட்டுக் குழந்தைகளே சாட்சி. ஆனால் 1869-ல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் பழங்கிரேக்கத்தில் எழுதித் தந்த வாழ்க்கைக் குறிப்பில், பரிசீலித்த பேராசிரியருக்கு வாக்கிய அமைப்பு திருப்தி தரவில்லை. பட்டம் என்னவோ கிடைத்தது!

அதே அவசரத்தோடுதான் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் ட்ராய் நகரைத் தேடினார். எழுத்துப் பிழையைத் திருத்த ஓர் ஆசிரியர் போதும். வெட்டிய மண்ணைப் பழையபடி அடுக்க எந்த மென்பொருளும் இல்லை. 1873-ல் கிடைத்த பொற்குவியலை ப்ரியாம் மன்னனுடையது என்று அறிவித்தார். அது ட்ராய்ப் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தையது என்று பின்னர் தெரிந்தது. அவர் தேடிய காலத்தின் அடுக்குகளில் ஒரு பகுதி, வெட்டி எறிந்த மண்ணோடு போயிருந்தது.

1890-ல் நேப்பிள்ஸில் இறந்த அவரை ஏதென்ஸில் அடக்கம் செய்தார்கள். அவருடைய கிரேக்க மனைவி சோஃபியாவுக்குப் பிறந்த பிள்ளைகள் இருவர்: ஆண்ட்ரோமகி, அகமெம்னோன்.