அச்சேறாமல் கிடந்த கணக்கு

கும்பகோணத்து ஜவுளிக்கடைக் குமாஸ்தா ஒருவரின் மகன் ராமானுஜன். 1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். கணக்கு என்றால் உயிர்; மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. கல்லூரிப் பரீட்சையில் தோற்றார்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். மறு ஆண்டு, தாம் கண்ட கணக்குகளை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டி வியந்துபோனார். 1914 மார்ச்சில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, பார்ப்பதற்கு மிக எளிய விஷயம். 12 என்ற எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எவை? 1, 2, 3, 4, 6, 12. மொத்தம் ஆறு. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் மிஞ்சும் எண்களைத் தேடி, 1915-ல் நீண்ட கட்டுரை எழுதினார். பரீட்சையில் தோற்றவருக்கு 1916-ல் பி.ஏ. பட்டம் வாங்கித் தந்தது அதுதான்!

ஆனால் எழுதியது முழுவதும் அச்சாகவில்லை. அது யுத்த காலம். வெளியிட்ட லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை. செலவைக் குறைக்க ஒரு பகுதியை ராமானுஜன் விட்டுவிட்டார்.

விட்ட பகுதியில்தான் விசேஷம் இருந்தது.

12-ஐ வகுக்கும் ஆறு எண்களையும் கூட்டினால் 28. இந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம்? ஒரு சூத்திரம் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எல்லை போடுகிறது. 12-க்கு எல்லை 19-க்குச் சற்று மேல். 28 அதைத் தாண்டிவிட்டது. 5040-ம் தாண்டுகிறது: எல்லை சுமார் 19,237, கூட்டுத்தொகை 19,344.

ரீமன் என்ற ஜெர்மானிய மேதை 1859-ல் ஓர் ஊகம் சொன்னார். ஸீட்டா என்று ஒரு கணிதச் சார்பு உண்டு. அது பூஜ்யமாகும் முக்கியமான இடங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமையும் என்பது அந்த ஊகம். பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பது அந்தப் பூஜ்யங்களைப் பொறுத்தது. பகா எண்களைப் பெருக்கித்தானே மற்ற எண்கள் வருகின்றன? ஆகவே வகுக்கும் எண்களின் கூட்டுத்தொகையும் அவற்றுக்குக் கட்டுப்பட்டதே.

ரீமன் ஊகம் சரியானால், மிகப் பெரிய எண்கள் எவையும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. அச்சாகாத பகுதியில் ராமானுஜன் கண்டது இதுவே.

1984-ல் ரோபின் என்ற பிரெஞ்சுக் கணித நிபுணர் இன்னும் கூர்மையாக நிரூபித்தார். ஊகம் சரியானால், 5040-க்கு மேல் ஓர் எண்கூட எல்லையை எட்டாது. ஒரே ஓர் எண் எட்டிவிட்டாலும் ஊகம் தவிடுபொடி! இதுவரை அப்படி எந்த எண்ணும் அகப்படவில்லை. ஊகத்தை நிரூபித்தவரும் இல்லை. நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அமெரிக்காவின் கிளே கணித நிலையம் 2000-ல் அறிவித்தது.

ராமானுஜன் 1917-ல் நோயுற்றார். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தபோது வயது 32.

மனைவி ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்தார். 1994-ல் காலமானார். விட்டுப்போன அந்தப் பகுதி, அதற்கு மூன்று ஆண்டு கழித்து 1997-ல் அச்சேறியது.