எம்.ஆர்.ராதாவும் ஒரு கைத்துப்பாக்கியும்: உரிமம் பற்றிச் சட்டம் சொல்வது என்ன?

தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் காவல் நிலையங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியோடு வந்து, ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிப் போவார்கள். சேலம் சூரமங்கலம் காவல் நிலையத்திலும் இதே நடைமுறைதான். காசு கொடுத்து வாங்கிய பொருளை ஏன் ஒப்படைக்க வேண்டும்? இதற்கான பதிலைப் புரிந்துகொள்ள, தமிழ்நாடே மறக்காத ஒரு வழக்கு உதவும்.

நாடக மேடையிலிருந்து சேலம் வரை

1907-ல் சென்னையில் பிறந்தவர் ராதாகிருஷ்ணன். அப்பா ராஜகோபால் ராணுவத்தில் இருந்தார். முதல் உலகப் போரில் உயிரிழந்தார். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. சின்ன வயதிலேயே பாய்ஸ் நாடக கம்பெனியில் சேர்ந்தார். மேடைதான் பள்ளிக்கூடம்.

1937-ல் சினிமாவுக்கு வந்தார். சேலம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸின் 'சந்தனத்தேவன்' (1939) அவருடைய ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. பிறகு மறுபடியும் மேடைக்கே திரும்பினார். 'ரத்தக்கண்ணீர்' நாடகம் ஊர் ஊராகப் போனது. 1954-ல் படமாக வந்த பிறகு அவர் குரலைத் தெரியாதவர்களே இல்லை.

பெரியாரின் தொண்டர். அவர் போட்ட ராமாயண நாடகத்தால் எழுந்த சர்ச்சையின் நடுவில்தான், 1954-ல் சென்னை மாகாணத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வழக்கு, கைது எதுவும் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அதுவரை வந்தவை மேடைப் பேச்சுக்கான வழக்குகள்.

1967 ஜனவரி 12

அன்று மாலை ராமாவரம் தோட்டத்துக்கு, ஒரு தயாரிப்பாளருடன் எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போனார் ராதா. பேச்சு முடிவதற்குள் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்குக் காதருகே குண்டு பாய்ந்தது. ராதாவின் உடம்பிலும் குண்டுக் காயங்கள். இருவரும் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும், அங்கிருந்து அரசு பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். இருவருமே பிழைத்தார்கள்.

அடுத்த மாதத் தேர்தலில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் எம்.ஜி.ஆர் ஜெயித்தார். கழுத்துக் கட்டோடு இருக்கும் அந்தப் படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. ஆனால் அவருடைய பழைய குரல் திரும்பவே இல்லை.

ஒரு சம்பவம், இரண்டு குற்றங்கள்

கொலை முயற்சி, தற்கொலை முயற்சி என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 307, 309 பிரிவுகள் ராதா மீது பாய்ந்தன. அதோடு 1959 ஆயுதச் சட்டத்தின் 25, 27 பிரிவுகளும் சேர்ந்தன. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தது ஒன்று. அதைப் பயன்படுத்தியது இன்னொன்று.

பலரும் கவனிக்காத இடம் இதுதான். சுட்டது தனிக் குற்றம், வைத்திருந்தது தனிக் குற்றம். அன்று ஒரு குண்டுகூட வெடிக்காமல் போயிருந்தாலும், உரிமம் இல்லாத துப்பாக்கி இடுப்பில் இருந்தாலே வழக்குதான்.

1967 நவம்பரில் ராதாவுக்கு ஏழு ஆண்டு கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. சுமார் நான்கு ஆண்டு சிறைக்குப் பிறகு 1971-ல் வெளியே வந்தார்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

* உரிமத்தை மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் தருவார். அதற்கு முன் காவல்துறை விசாரணை அறிக்கை வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்; ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம்.

* உரிமம் காலாவதியானால், துப்பாக்கியைப் பீரோவில் பூட்டிவைத்தால் போதாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு.

* உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

* கையில் எடுத்துப்போக வசதியாக நீளத் துப்பாக்கியின் குழலை அறுத்துக் குட்டையாக்குவது, ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவது, பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்குவது எல்லாம் 6-வது பிரிவில் வரும். வைத்திருக்கும் உரிமம் இதற்கு உதவாது. தனி உரிமம் வேண்டும். மீறினால் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை.

* வன்முறைக் குற்றத்தில் சிறை போனவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு வரை துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது.

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை. இங்கே அப்படி இல்லை. இன்னாருக்கு, இந்தத் துப்பாக்கி, இத்தனை காலத்துக்கு என்று அரசு தரும் அனுமதி மட்டுமே. அதனால்தான் தேர்தல் நேரத்தில் திருப்பிக் கேட்க முடிகிறது.

கடைசி ஆண்டுகள்

வெளியே வந்த ராதா மீண்டும் நடித்தார். அவர் இருக்கும்போதே, 1977-ல் எம்.ஜி.ஆர் முதல்வரானார். 1979 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்த நாளன்று, திருச்சியில் ராதா காலமானார்.

நாற்பது ஆண்டு நடித்தவரின் பெயரைச் சொன்னால், இன்றும் அந்த ஒரு மாலைதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சினிமாக்காரர்களுக்குள் சண்டை சகஜம். வார்த்தை தடிக்கும், பிறகு சமாதானமாகும். அன்று அந்த அறையில் துப்பாக்கி இருந்தது. வாக்குவாதம் வாக்குவாதமாகவே முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.