மைனஸ் 45 டிகிரி... திரும்பி வர வழியே வைக்காமல் பனிச்சறுக்கில் கிளம்பிய மனிதர்! யார் இந்த நான்சென்?

நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி வைக்கும் ஃப்ரீசருக்குள் சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிர் இருக்கும். அதைவிட இன்னும் 27 டிகிரி கீழே போன ஓர் இடத்தில், சாதாரண கூடாரத்துக்குள் ஆறு பேர் படுத்துத் தூங்கினார்கள். காலையில் எழுந்து, காலில் மரப்பலகையைக் கட்டிக்கொண்டு, மறுபடியும் வண்டியை இழுத்தார்கள். வருஷம் 1888. இடம் கிரீன்லாந்து.

அந்த ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனவர் ஃப்ரித்யோஃப் நான்சென். நார்வே நாட்டுக்காரர். அப்போது அவருக்கு வயது 26.

பனியில் தலைகுப்புற விழுந்த பையன்

1861 அக்டோபர் 10-ம் தேதி, இன்று ஓஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்டியானியா நகரத்தை ஒட்டிய ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார் நான்சென். அப்பா வழக்கறிஞர். அம்மா அடலெய்டுக்கு வெளியில் சுற்றுவதும் பனிச்சறுக்கும் பிடிக்கும். நம்ம ஊரில் குழந்தை நடக்கப் பழகும் வயதில், அங்கே நான்சென் சறுக்குப் பலகையில் நிற்கப் பழகிவிட்டார்.

பத்து வயதில், வீட்டில் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஹூசெபி மலைச்சரிவில் பெரியவர்கள் குதிக்கும் இடத்திலிருந்து குதித்தார். பலகை பனியில் குத்தி நின்றது. பையன் மட்டும் பறந்துபோய், இடுப்பு வரைக்கும் பனிக்குள் தலைகீழாகப் புதைந்தான். அடி பெரிதாக இல்லை. பழக்கமும் போகவில்லை.

கல்லூரியில் படித்தது விலங்கியல். 20 வயதில் சீல் வேட்டைக் கப்பலில் ஆர்க்டிக் கடலுக்குப் போனபோது, கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. அங்கிருந்து தூரத்தில் தெரிந்த கிரீன்லாந்து கரைதான் அவர் மனதில் விதை போட்டது. அதன் பிறகு பெர்கன் அருங்காட்சியகத்தில் வேலை, நரம்பு செல்கள் பற்றிய ஆய்வு. அதில் டாக்டர் பட்டமும் வாங்கினார். பட்டத்துக்கான தேர்வு முடிந்த சில நாட்களில் அவர் கிளம்பியது கிரீன்லாந்துக்கு.

எல்லோரும் சிரித்த திட்டம்

கிரீன்லாந்தின் நடுப்பகுதி முழுக்கப் பனிப்பாளம். அதை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை அதுவரை யாரும் கடந்ததில்லை. முயற்சி செய்தவர்கள் பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து தொடங்கினார்கள். காரணம், அங்கேதான் ஊர்கள் இருந்தன. கொஞ்ச தூரம் போய், முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம்.

நான்சென் இதை அப்படியே தலைகீழாக்கினார். ஆளே இல்லாத கிழக்குக் கரையில் இறங்குவது, மேற்கு நோக்கி நடப்பது. கப்பல் இறக்கிவிட்டுப் போய்விடும். பின்னால் சோறும் கிடையாது, கூரையும் கிடையாது. பிழைக்க வேண்டுமென்றால் முன்னால் போயே ஆக வேண்டும்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். நார்வே அரசு பணம் தர மறுத்தது. பெர்கனில் ஒரு பத்திரிகை, பனிப்பிளவுகளுக்குள் இருக்கை போட்டு வேடிக்கை பார்க்கலாம், திரும்பி வர டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை என்கிற மாதிரி நக்கல் விளம்பரம் போட்டது. கடைசியில் பணம் கொடுத்தவர் டென்மார்க் வணிகர் ஒருவர்.

ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டார். ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் உள்ளிட்ட மூன்று நார்வேக்காரர்கள். கூடவே சாமுவேல் பால்டோ, ஓலே ராவ்னா என்ற இரண்டு சாமி இனத்தவர் (நம்ம சாமி இல்லை, ஸ்காண்டிநேவியாவின் வடக்கில் கலைமான் மேய்க்கும் பழங்குடியினர்).

49 நாட்கள்

1888 ஜூலை 17-ம் தேதி கப்பலிலிருந்து இரண்டு படகுகளில் இறங்கினார்கள். கரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைப் பிடித்துத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டன. கரை ஏறவே 12 நாள் ஆனது. பிறகு கரையோரமாகவே வடக்கு நோக்கித் துடுப்புப் போட்டு வந்து, ஆகஸ்ட் 15-ம் தேதிதான் பனிப்பாளத்தில் ஏறத் தொடங்கினார்கள். குளிர்காலம் நெருங்கிவிட்டது. திட்டமிட்ட ஊருக்குப் போக நாள் போதாது என்று தெரிந்ததும், பாதையை மாற்றி காட்ஹாப் என்ற ஊரைக் குறிவைத்தார் நான்சென். இன்றைய நூக். தூரம் 150 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தது.

செப்டம்பர் 11-ம் தேதி உச்சியைத் தொட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,719 மீட்டர். ராத்திரி குளிர் மைனஸ் 45 வரை போனது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். சுற்றிலும் பனி, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. பனியை அள்ளி வாயில் போட்டால் ஆகாதா? ஆகாது. பனி உருகித் தண்ணீராவதற்குத் தேவைப்படும் சூட்டை உடம்புதான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சூட்டுக்குத் தவிக்கிற உடம்பு அது. அடுப்பு மூட்டலாம் என்றால் எரிபொருள் எண்ணி எண்ணி எடுத்து வந்தது. அதனால் ஆளுக்கொரு தகரக் குடுவையில் பனியை அடைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தார்கள். மணிக்கணக்கில் நடந்தால் சில மடக்குத் தண்ணீர்.

அடுப்பிலும் நான்சென் மூளையைக் காட்டியிருந்தார். நடுவில் சமைக்கும் பாத்திரம், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம், மேலே ஒரு தட்டு. உள்ளே சமையல் நடக்கும்போது, வெளியே தப்பிப் போகும் சூட்டில் சுற்றியிருக்கும் பனி உருகிவிடும். நான்சென் குக்கர் என்றே இதற்குப் பெயர் வந்தது. பின்னாளில் தென் துருவம் போன அமுண்ட்சென், ஸ்காட் இருவருமே இந்த வகை அடுப்பைத்தான் எடுத்துப் போனார்கள்.

எல்லாமே சரியாக நடந்ததா என்றால், இல்லை. கொண்டுபோன பெம்மிக்கன் என்ற உலர் இறைச்சியில் கொழுப்பு முழுக்க நீக்கப்பட்டிருந்தது. அந்தக் குளிரில் உடம்பு கொழுப்பைத்தான் கேட்கும். வயிறு நிறையச் சாப்பிட்டும் பசி அடங்காமல் ஆறு பேரும் தவித்தார்கள். கொஞ்சம் வெண்ணெய் பங்கு வந்தால் அன்றைக்கு விருந்து.

உச்சி தாண்டியதும் சரிவு. காற்றும் பின்னாலிருந்து அடித்தது. சறுக்குவண்டிகளைச் சேர்த்துக் கட்டி, கூடாரத் தரைத்துணியைப் பாய்மரமாக ஏற்றி, பனிமேல் கப்பல் ஓட்டினார்கள். வேகத்தில் போகும்போது எதிரே பனிப்பிளவு தெரிந்து கடைசி நொடியில் திருப்பிய கதையும் உண்டு.

செப்டம்பர் 26-ம் தேதி மேற்குக் கரையில் இறங்கியபோது காட்ஹாப் இன்னும் தூரத்தில் இருந்தது. வில்லோ குச்சிகளை வளைத்து, துணியைச் சுற்றித் தைத்து ஒரு படகு செய்தார்கள். அதில் நான்செனும் ஸ்வெர்ட்ரூப்பும் மட்டும் போய் அக்டோபர் 3-ம் தேதி ஊர் சேர்ந்தார்கள். பனிப்பாளத்தில் ஏறியதிலிருந்து 49 நாள்.

ஊர் போய்ச் சேர்ந்தால் அந்த வருஷத்துக் கடைசிக் கப்பல் போய்விட்டது! குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. நான்சென் அதை வீணாக்கவில்லை. இன்யூட் மக்களிடம் கயாக் ஓட்டவும், வேட்டையாடவும், அந்தக் குளிரில் எப்படி வாழ்வது என்றும் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் உயிரைக் காப்பாற்றியது அந்தப் பாடம்தான்.

1889 மே மாதம் கிறிஸ்டியானியா திரும்பியபோது பல்லாயிரம் பேர் திரண்டு வரவேற்றார்கள். பயணம் பற்றிய அவரது புத்தகம் ஜெர்மன் மொழியில் வந்த பிறகு, ஆல்ப்ஸ் மலைப் பக்கமும் பனிச்சறுக்கு மோகம் பரவியது.

பனியில் சிக்குவதற்காகவே ஒரு கப்பல்

ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881-ல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கியது. மூன்று வருஷம் கழித்து அதன் பொருட்கள் கிரீன்லாந்து கரையில் கிடைத்தன. அப்படியென்றால் ஆர்க்டிக் பனி நகர்கிறது. அந்தப் பனியிலேயே ஒரு கப்பலை உறைய வைத்துவிட்டால், அதுவே துருவத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு போகாதா?

இப்படி யோசித்துக் கட்டியதுதான் ஃப்ராம். நார்வே மொழியில் முன்னே என்று பொருள். அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். பனி நெருக்கினால் கப்பல் நொறுங்காது, வழுக்கி மேலே எழும்பிவிடும். 1893 ஜூன் 24-ம் தேதி 12 பேருடன் கிளம்பினார். வீட்டில் மனைவி ஈவா, பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத மகள் லிவ். (கடைசி நேரத்தில் இன்னொருவரும் சேர்ந்ததால் கப்பலில் மொத்தம் 13 பேர்.)

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பனி மிக மெதுவாக நகர்ந்தது, துருவத்தின் மேலேயும் போகவில்லை. பொறுமை இழந்த நான்சென், 1895 மார்ச் 14-ம் தேதி கப்பலை ஸ்வெர்ட்ரூப்பிடம் ஒப்படைத்துவிட்டு, யால்மர் யோஹான்சென் என்பவரோடு இறங்கி வடக்கே நடந்தார். 28 நாய்கள், மூன்று சறுக்குவண்டிகள், இரண்டு கயாக். நகரும் பனியில் விட்டுவந்த கப்பலைத் திரும்பக் கண்டுபிடிக்கவே முடியாது.

இங்கே ஒரு தப்பு. ஓநாய்த் தோல் உடைகள் வியர்வையில் கனக்கின்றன என்று கப்பலிலேயே விட்டுவிட்டு, கம்பளி உடையோடு கிளம்பினார்கள். பகலில் வண்டி இழுக்கும்போது வந்த வியர்வை கம்பளிக்குள்ளேயே உறைந்தது. சட்டை இரும்புக் கவசம் மாதிரி விறைத்து, சட்டைக்கை விளிம்பு மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கியது. ராத்திரி உறக்கப் பைக்குள் நுழைந்தால், உடம்புச் சூட்டில் அந்தப் பனி உருகி நனைக்கும். காலையில் வெளியே வந்ததும் மறுபடி உறையும். மைனஸ் 40 டிகிரியில் தினமும் இதே கதை.

86 டிகிரி 14 நிமிடம் வடக்கு வரை போனார்கள். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு வடக்கே போனதில்லை. ஆனால் எதிரே முடிவில்லாத பனி மேடுகள். அவர்கள் வடக்கே நடக்க நடக்க, காலுக்குக் கீழே பனி தெற்கே நகர்ந்தது. துருவம் கிடைக்காது என்று தெரிந்ததும், ஏப்ரல் 8-ம் தேதி திரும்ப முடிவெடுத்தார். அந்த முடிவுதான் இரண்டு உயிர்களைக் காப்பாற்றியது.

சில நாளில் இருவரின் கடிகாரமும் நின்றுபோனது. கடிகாரம் இல்லாமல் தீர்க்கரேகை கணிக்க முடியாது. எங்கே இருக்கிறோம் என்றே சரியாகத் தெரியாமல் நான்கு மாதத்துக்கும் மேல் நடந்தார்கள். தீனி தீரத் தீர, ஒரு நாயைக் கொன்று மற்ற நாய்களுக்குப் போட்டார்கள்.

நீங்க... நீ!

ஆகஸ்ட் கடைசியில் ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுக்கூட்டத்தில் ஒதுங்கினார்கள். மேலே போக வழியில்லை. தரையைத் தோண்டி, கல் அடுக்கி, பாசி வைத்து அடைத்து, வால்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டு ஒரு பொந்து கட்டினார்கள். மண் தோண்ட மண்வெட்டி? வால்ரஸின் தோள்பட்டை எலும்பு.

அந்தப் பொந்துக்குள் கிட்டத்தட்ட எட்டு மாதம். கொழுப்பு விளக்கு எரியும். சாப்பாடு கரடிக்கறி, மறுவேளையும் கரடிக்கறி. சூரியன் வராத மாதங்களில் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் வரை தூங்கினார்கள். உடம்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கத்தியால் சுரண்டினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், வெளியே வரும்போது இருவருக்குமே எடை கூடியிருந்தது! கிரீன்லாந்தில் கிடைக்காத கொழுப்பு இங்கே தாராளம்.

நார்வே மொழியிலும் நம்மைப் போலவே நீங்க, நீ வித்தியாசம் அப்போது கறாராக இருந்தது. ஒரே உறக்கப் பையில் படுத்த இந்த இரண்டு பேரும், அத்தனை மாதமும் ஒருவரை ஒருவர் நீங்கள் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். 1895-ன் கடைசி நாள் ராத்திரிதான், இனிமேல் நீ என்றே பேசிக்கொள்ளலாமே என்று நான்சென் கேட்டார்.

1896 மே 19-ம் தேதி மறுபடி கிளம்பினார்கள். ஜூன் மாதம், பனி விளிம்பில் கட்டி வைத்திருந்த கயாக்குகள் அவிழ்ந்து கடலில் மிதந்து போய்விட்டன. உணவு, துப்பாக்கி எல்லாம் அதில்தான். நான்சென் உறைநிலைத் தண்ணீரில் குதித்து, கை கால் மரத்துப்போகும் வரை நீந்திப் பிடித்தார். ஐந்தே நாளில், ஜூன் 17-ம் தேதி, நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. எதிரே வந்தவர் ஃபிரெடரிக் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பயணி. கரி படிந்த முகம், சடை பிடித்த முடியோடு நின்ற ஆள் யார் என்று ஜாக்சனுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது.

ஃப்ராம் என்ன ஆனது? நான்சென் நார்வே மண்ணில் கால் வைத்த அதே ஆகஸ்ட் 13-ம் தேதி, அதுவும் பனியிலிருந்து விடுபட்டிருந்தது. 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள். யோஹான்சென் வாழ்க்கை மட்டும் பிறகு சறுக்கியது. குடி, கடன், அமுண்ட்செனோடு தகராறு. 1913-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நாடில்லாதவர்களுக்கு ஒரு காகிதம்

அதன் பிறகு நான்சென் பேராசிரியர், லண்டனில் நார்வே தூதர். முதல் உலகப்போர் முடிந்ததும் லீக் ஆஃப் நேஷன்ஸ் கேட்டுக்கொண்டதால், சிறைப்பட்டிருந்த 4 லட்சத்துக்கும் அதிகமான போர்க் கைதிகளை ஊர் சேர்த்தார். ரஷ்யப் புரட்சியில் லட்சக்கணக்கானோர் நாட்டையும் குடியுரிமையையும் இழந்து தவித்தபோது, 1922-ல் அவர்களுக்காக வந்ததுதான் நான்சென் பாஸ்போர்ட். 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. ஓவியர் மார்க் ஷகால், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி எல்லாம் அதை வைத்திருந்தவர்கள். அதே வருஷம் அமைதிக்கான நோபல் பரிசு. பணத்தை நிவாரணப் பணிக்கே கொடுத்துவிட்டார். அவர் முன்வைத்த கிரேக்க - துருக்கி மக்கள் பரிமாற்றம் மட்டும் இன்றும் விமர்சிக்கப்படுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விருப்பம் கேட்கப்படாமலே ஊர் பெயர்க்கப்பட்டார்கள்.

1930 தொடக்கத்தில், 68 வயதில், பனிச்சறுக்குக்குப் போனார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைத்துவிடுவதைக் கூட வந்த நண்பர்கள் கவனித்தார்கள். வீடு திரும்பியதும் காய்ச்சலில் படுத்தவர் முழுதாகத் தேறவில்லை. மே 13-ம் தேதி, மாரடைப்பு. நான்கு நாள் கழித்து, நார்வேயின் தேசிய தினத்தன்று இறுதிச்சடங்கு நடந்தது. சொற்பொழிவு எதுவும் வைக்கவில்லை. 1907-லேயே இறந்துபோன ஈவா முன்பு பாடிவந்த ஷூபர்ட் இசையை மட்டும் வாசித்தார்கள்.